‘நம் ஆட்களுக்குப் பேச வராது’ என்னும் கருத்துக்கு ஒரு மறுப்பு

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, அயனம்பாக்கம் வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டையை நோக்கிச் செல்லும் சாலையைச் சுற்றிப் பட்டறைகளும் கிடங்குகளும் மருத்துவமனைகளும், பழைய ஆலைகள் இருந்த இடங்களில் எழுந்த மென்பொருள் அலுவலகங்களும் நெருங்கி நிற்கின்றன. செய்யும் தொழிலில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்நிறுவனங்களின் மேலாளர்களையும் மனிதவளத் துறையினரையும் ஒன்றுசேர்க்கும் கருத்து ஒன்று உண்டென்றால், அது ‘நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேராகப் பேச வராது’ என்பதுதான். உடன் வேலை செய்பவரின் வேலையிலோ, மேலாளரின் முடிவிலோ குறை கண்டால் அதைத் திருத்தும் நோக்கத்தோடு எடுத்துச் சொல்வதைப் பின்னூட்டம் என்று மேலாண்மை நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்தப் பின்னூட்டம் நம்மிடம் பஞ்சமாக இருப்பதற்குக் காரணம் நம் பண்பாடே என்பது இக்கருத்தின் சாரம்.

இக்கருத்து மூன்று படிகளாக நகர்கிறது. பெரியவர் எதிரே பேசாதே என்று வீட்டிலும் பள்ளியிலும் வளர்க்கப்பட்டவர்கள் அலுவலகத்திலும் ‘சார்’ சொன்னதற்குத் தலையாட்டுவார்கள் என்பது முதற்படி. ஆகவே வெளிப்படையாகப் பேசுவது பயிற்சியால் ஊட்டப்பட வேண்டிய ஒரு திறன் என்பது இரண்டாவது. அந்தத் திறன் வரும்வரை பெயர் எழுதாத படிவம், பூட்டிய பெட்டி, கைபேசிச் செயலி ஆகியவற்றின் மூலம் கருத்தைக் கறந்துகொள்ளலாம் என்பது மூன்றாவது. மூன்று படிகளும் தவறானவை என்பதையும், பணியிட மௌனம் பெரும்பாலும் பேசுபவரின் குறையன்று, சொன்ன சொல்லுக்கு என்ன நேரும் என்று அவர் போடும் கணக்கின் சரியான விடை என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை மாற்ற விரும்புபவர்கள் கணக்கில் உள்ள எண்களைத்தான் மாற்ற வேண்டும். கணக்குப் போடுபவருக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதால் ஆகப்போவது சொற்பம்.

பண்பாட்டு வாதத்துக்குக் கல்விப்புலத்தில் கிடைத்த பெரிய துணை கீர்த் ஹாஃப்ஸ்டெட் என்னும் டச்சு ஆய்வாளரின் ‘அதிகார இடைவெளி’க் குறியீடு. 1967 முதல் 1973 வரை பல நாடுகளின் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, ஒரு சமூகத்தில் அதிகாரம் குறைந்தவர்கள் அதிகார ஏற்றத்தாழ்வை எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு அவர் மதிப்பெண் கொடுத்தார். 1980இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வு வரிசையில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, நெதர்லாந்துக்கு 38. இந்த 77 என்னும் எண் மேலாண்மை வகுப்புகளில் ஏறக்குறைய ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவைப் போலக் காட்டப்படுகிறது. நாடுகளின் சராசரியைக் கொண்டு தனிமனிதரின் நடத்தையைக் கணிக்கக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருப்பதை அவ்வகுப்புகள் சொல்வது அரிது. அதைவிட முக்கியமான கேள்வி, மதிப்பெண் குறைந்த நாடுகளில் ஊழியர்கள் உண்மையிலேயே பேசுகிறார்களா என்பது.

பேசுவதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் மில்லிகன், எலிசபெத் மாரிசன், பட்ரிசியா ஹியூலின் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நிதி, ஆலோசனை, மருந்து, ஊடகம் போன்ற துறைகளில் வேலைசெய்த 40 பேரை நேர்காணல் செய்தார்கள். முக்கியமென்று தாங்களே கருதிய ஒரு விஷயத்தை மேலதிகாரியிடம் சொல்ல முடியாமல் ஒருமுறையாவது விழுங்கிக்கொண்டதாக அவர்களில் 85 சதவீதத்தினர் தெரிவித்தார்கள். கலகக்காரர் என்று பெயர் வந்துவிடும், உறவு கெடும், சொல்லியும் பயனில்லை ஆகியவையே அவர்கள் கூறிய காரணங்கள். இதே காரணங்களை அம்பத்தூரின் எந்தத் தேநீர்க் கடை வாசலிலும், ஷிப்ட் மாறும் நேரத்தில், வேறு சொற்களில் கேட்கலாம். மன்ஹாட்டனில் இதற்குப் பெயர் எச்சரிக்கை உணர்வு என்றும் அம்பத்தூரில் இதற்குப் பெயர் பண்பாடு என்றும் சொல்வது ஆய்வாகாது.

இன்னும் கொடிய சான்று ஒன்று உண்டு. 1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபின் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, அதே பாதையில் இன்னும் விலகாமல் இருந்த பான் அமெரிக்கன் விமானத்தின் மீது மோதி 583 பேர் இறந்தார்கள். அந்த விமானம் விலகிவிட்டதா என்னும் ஐயத்தை கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர் புறப்பாட்டின்போதே எழுப்பினார் என்பது விமானி அறை ஒலிப்பதிவில் பதிவாகியுள்ளது. விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மதிப்பெண் 38 உள்ள நாட்டின் விமானி அறை அது. அங்கே பேச்சு வராமல் போகவில்லை. வந்த பேச்சுக்கு எந்த வலுவும் இல்லாமல் போயிற்று.

அந்த விபத்தும் அதைப் போன்ற பிறவும் தந்த பாடத்தால், 1979இல் நாசா நடத்திய ஒரு பயிலரங்கிலிருந்து விமானக் குழு வள மேலாண்மை என்னும் முறை உருவாயிற்று. விமானி அறையில் உள்ள அனைவரின் அறிவையும் ஒரு வளமாகக் கருதிப் பயன்படுத்தும் ஒழுங்கு என்று இதைச் சுருக்கமாக விளக்கலாம். துணை விமானிக்குத் துணிச்சல் ஊட்டுவதோடு இது நிற்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. தலைமை விமானி கேட்டாக வேண்டும், பதில் சொல்லியாக வேண்டும் என்பது நடைமுறையாக்கப்பட்டது. இரண்டு முறை எச்சரித்தும் விமானத்தை ஓட்டுபவரிடமிருந்து தக்க பதில் வராவிட்டால் மற்றவர் கட்டுப்பாட்டைக் கையிலெடுக்கலாம் என்ற விதியைப் பல நிறுவனங்கள் ஏற்றன. பணிவாகச் சொல்வது எப்படி, கோபமில்லாமல் சொல்வது எப்படி என்ற பாடங்களைவிட, பதில் வராத பேச்சுக்கு அடுத்த படி என்ன என்பதை எழுதிவைத்ததே பெரிய மாற்றம்.

உள்ளூருக்குத் திரும்பினால் பண்பாட்டு வாதம் இன்னும் மெலிகிறது. அம்பத்தூரிலிருந்து தொலைவில் இல்லாத பெரம்பூரில், பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக வரலாற்றாசிரியர்கள் கருதும் அச்சங்கத்தின் தொடக்ககாலக் குறைகளுள் ஒன்று, மதிய உணவுக்கு விடப்பட்ட இடைவேளை போதவில்லை என்பது. பி.பி. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் திரு.வி.க.வும் அத்தொழிலாளர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்வது உண்மையைத் தலைகீழாக்குவதாகும். பேசிக்கொண்டிருந்தவர்களைத் தனித்தனியாக வெளியேற்ற முடியாத ஓர் அமைப்பை அவர்கள் கட்டினார்கள். கூலிக்கும் மானத்துக்கும் இடையே நாள்தோறும் நின்ற, எழுத்தறிவு அரிதான ஒரு காலத்துத் தொழிலாளர்களுக்கு வந்த பேச்சு, பட்டம் பெற்ற பொறியாளர்களுக்கு வராது என்பது நம்பும்படியாக இல்லை.

இதைவிடவும் நேரடியான மறுப்பு அம்பத்தூரிலும் அதை அடுத்த பாடியிலும் இருக்கிறது. ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கம் 1951 முதல் வழங்கிவரும் டெமிங் பரிசு, தர மேலாண்மைக்கு உலகில் மிகக் கடுமையான தேர்வுகளுள் ஒன்று. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகளின் நூலுரிமைத் தொகையை நன்கொடையாக அளித்ததிலிருந்து தொடங்கிய பரிசு அது. 1998இல் பாடியின் சுந்தரம் கிளேட்டன் அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. 2001இல் பாடியிலேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட ரானே பிரேக் லைனிங், 2004இல் மீண்டும் பாடியின் லூகாஸ் டிவிஎஸ் என்று, சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அப்பரிசு மீண்டும் மீண்டும் வந்தது. இத்தேர்வுக்குத் தயாராகும் ஆலையில் தரவட்டங்களும் ஆலோசனைத் திட்டமும் தவிர்க்க முடியாதவை. தரவட்டம் என்பது ஒரே இடத்தில் வேலைசெய்யும் சிலர் தாமாகக் கூடித் தங்கள் வேலையின் குறைகளை ஆராய்ந்து தீர்வு காணும் சிறு குழு. 1962இல் ஜப்பானில் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் பரவத் தொடங்கி, 1980களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பெல் ஆலை வழியாக இந்தியாவுக்குள் வந்தது.

இந்த ஆலைகளில் வேலைசெய்தவர்கள் வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். திருவள்ளூர், ஆவடி, பூந்தமல்லி, பட்டாபிராம் பக்கங்களிலிருந்து மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் வந்த ஐ.டி.ஐ. படித்தவர்களும் பத்தாம் வகுப்புப் படித்தவர்களும்தான். மேலதிகாரியை அவர்கள் ‘சார்’ என்றே அழைத்தார்கள். அப்படி அழைத்துக்கொண்டேதான், இயந்திரத்தில் என்ன கோளாறு, வரைபடத்தில் என்ன பிழை, தளவாட அமைப்பில் எங்கே நேரம் வீணாகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘சார், இது சரியா வராது சார்’ என்னும் வாக்கியத்தில் இரண்டு மரியாதைச் சொற்களும் ஒரு மறுப்பும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. மரியாதை மறுப்பைத் தடுக்கிறது என்று வாதிடுபவர்கள் தமிழ்ப் பேச்சை உற்றுக் கேட்டதாகத் தெரியவில்லை.

அங்கே பேச்சு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பிரேக் லைனிங்கில் ரிவெட் துளையிடும் ஜிக்கை, அதாவது துளை சரியான இடத்தில் விழும்படி பொருளைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தை, எடுத்துக்கொள்ளலாம். வளைந்த லைனிங்கை அதில் தலைகீழாக வைத்தாலும் பொருந்திவிடுமானால், அவசரத்தில் ஒருநாள் ஒருவர் அப்படி வைத்துவிடுவார். துளைகள் இடம் மாறி, அந்தத் தட்டு முழுவதும் ரிஜெக்‌ஷனில் போகும். ஓர் ஓரத்தில் சிறிய பின் ஒன்றை அடித்துவிட்டால் தலைகீழாக வைக்கவே முடியாது என்று ஆபரேட்டர் ஆலோசனைத் தாளில் எழுதுகிறார். தாளில் அவர் பெயர், டோக்கன் எண், இப்போதைய நிலை, மாற்றிய பின் நிலை, சிறு படம் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. நல்ல ஆலையில் அடுத்த நடவடிக்கை சூப்பர்வைசருடையது: சில நாள்களுக்குள் அவர் அந்த இயந்திரத்தருகே வந்து, ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதியவரிடமே சொல்ல வேண்டும். ஏற்கப்பட்டால் டூல் ரூமிலிருந்து பின் வரும். அதை அடித்த நாளும் எழுதியவர் பெயரும் அறிவிப்புப் பலகையில் ஏறும். அடுத்த மாதம் பக்கத்து இயந்திரக்காரரும் எழுதுவார். துணிச்சல் வகுப்பு ஏதும் நடக்காமலேயே எழுதுவார்.

மோசமான ஆலையிலும் இதே தாள்தான் இருக்கும், பெட்டியும் இருக்கும். பெட்டிக்குள் போன தாள் என்ன ஆனது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் பெட்டி காலியாகிவிடும்; ‘நம் ஆட்களுக்கு ஈடுபாடு போதாது’ என்று அறிக்கை எழுதப்படும். டொயோட்டா தன் ஆலோசனைத் திட்டத்தை 1951இல் தொடங்கியது அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் கண்டதைப் பின்பற்றித்தான் என்பதும், மூலம் எங்கே இருந்ததோ அங்கே அது அந்த அளவுக்குத் தழைக்கவில்லை என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. வேறுபாடு தாளில் இல்லை; தாளுக்குப் பின்னால் வரும் காலடியில் இருந்தது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. ஜிக்கைப் பற்றிப் பேசுவது எளிது, சூப்பர்வைசரைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். பாடி ஆலைகளின் வெற்றி பொருள்களைப் பற்றிய பேச்சின் வெற்றியே தவிர, மனிதர்களைப் பற்றிய பேச்சின் வெற்றியன்று என்று சொல்லலாம். இது பெருமளவு உண்மை. மாதத்துக்கு இத்தனை ஆலோசனை என்று இலக்கு வைத்த இடங்களில் எண்ணிக்கைக்காக எழுதப்பட்ட அற்பத் தாள்கள் குவிந்ததும் உண்மை. ஆனால் இந்த எதிர்வாதம் பண்பாட்டு வாதத்தைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக அதை முடித்துவைக்கிறது. ஒரே மனிதர், ஒரே பண்பாடு, ஒரே ஷிப்ட். ஜிக்கைப் பற்றிப் பேசுகிறார், ஓவர்டைம் பங்கீட்டில் நடக்கும் பாரபட்சத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை. பண்பாடுதான் காரணமென்றால் இரண்டிலும் மௌனம் இருக்க வேண்டும். பதில் சொல்லும் ஏற்பாடு எந்த எல்லையோடு நிற்கிறதோ, பேச்சும் அதே எல்லையோடு நிற்கிறது. மனிதரைப் பற்றிய குறைக்கு நாள் குறித்துப் பதில் சொல்லும் கடமை அந்த ஆலைகளில் யாருக்கும் தரப்படவில்லை.

மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். எமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து தருவதில் நேரும் பிழைகளை வார்டு வார்டாக ஒப்பிட்டார். நன்றாக இணைந்து வேலைசெய்யும் குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. பதிவானதோ அங்கேதான் அதிகம். அக்குழுக்களில் பிழை அதிகம் நேரவில்லை, நேர்ந்த பிழை மறைக்கப்படவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. வார்டுகளுக்கிடையே இந்த வேறுபாட்டை உண்டாக்கியது, பிழையைச் சொன்னவரிடம் வார்டின் செவிலியர் மேலாளர் எப்படி நடந்துகொண்டார் என்பதே. வானகரத்தில் ஒரு மருத்துவமனை மேலாளர் ‘எங்கள் வார்டில் பிழையே இல்லை’ என்று பெருமையோடு பதிவேட்டைக் காட்டினால், அதைப் பார்ப்பவர் முதலில் கவலைப்பட வேண்டும்.

இனி, பயிற்சியைப் பற்றி. பின்னூட்டப் பயிற்சிகளில் அதிகம் கற்பிக்கப்படுவது சாண்ட்விச் முறை: முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு. மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் பேசுவதற்கென்று வகுக்கப்பட்ட முறை இது. கீழிருப்பவர் மேலிருப்பவரிடம் இதைப் பயன்படுத்தினால் முதல் பாராட்டு சோப்புப் போடுவதாகவும் கடைசிப் பாராட்டு பயந்துவிட்டதாகவும்தான் படும். அதுவும் போகட்டும்; பின்னூட்டம் என்றாலே நன்மை என்னும் அடிப்படை நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. அவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டினிசியும் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, 600க்கும் மேற்பட்ட அளவீடுகளை மறுஆய்வு செய்தபோது, பின்னூட்டம் சராசரியில் வேலையை மேம்படுத்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அதைக் கெடுத்திருப்பதைக் கண்டார்கள். பேச்சு, வேலையிலிருந்து விலகி அந்த ஆளின் மதிப்பை நோக்கித் திரும்பும் அளவுக்குப் பயன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம்.

அந்தத் திருப்பத்தை ஆண்டுதோறும் கட்டாயமாகச் செய்துவைப்பதுதான் அப்ரைசல் என்னும் ஆண்டு மதிப்பீடு. மேலாளர், சமநிலை ஊழியர், கீழே உள்ளவர் என எல்லாத் திசையிலிருந்தும் மதிப்பெண் வாங்கும் ‘360 டிகிரி’ முறையை இதன் சீர்திருத்தமாகச் சொல்வார்கள். ஸ்கலன், மவுண்ட், காஃப் ஆகியோர் 4,000க்கும் மேற்பட்ட மேலாளர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவின்படி, அம்மதிப்பெண்களின் வேறுபாட்டில் பாதிக்கு மேல் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கைக் காட்டியதே தவிர, மதிப்பிடப்பட்டவரின் வேலையைக் காட்டவில்லை. சம்பள உயர்வோடு கட்டப்பட்ட படிவத்தில் எந்த ஊழியரும் நண்பருக்குக் குறைத்துப் போட மாட்டார். போட்டியாளருக்குக் கூட்டிப் போடவும் மாட்டார். டெமிங் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்: மேலாளர்களுக்கு அவர் வகுத்த 14 விதிகளில் அச்சத்தை வெளியேற்றுவது ஒன்று, முழக்கங்களைக் கைவிடுவது ஒன்று; ஆண்டு மதிப்பீட்டை நிறுவனங்களைக் கொல்லும் நோய்களுள் ஒன்றாக அவர் எண்ணினார். அவர் பெயரிலான பரிசைப் பற்றிப் பெருமையோடு பேசும் ஊரில், ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்னும் பதாகையும் ஏப்ரல் மாத அப்ரைசல் படிவமும் ஒரே மனிதவளத் துறையிலிருந்து புறப்படுகின்றன என்பது வேடிக்கைதான்.

பெயர் மறைத்த பெட்டி நடுநிலையான ஏற்பாடு போலத் தோன்றும். உண்மையில், பெயரோடு பேசுவது இங்கே ஆபத்து என்பதற்கு நிர்வாகமே தரும் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் அது. பத்துப் பேர் வேலைசெய்யும் ஒரு பிரிவில், எந்த இயந்திரத்தைப் பற்றிய குறை என்று பார்த்தாலே எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். செயலியில் எழுதினாலும் சொல்நடை காட்டிக்கொடுக்கும். அதோடு, பெயரில்லாதவருக்குப் பதில் சொல்ல முடியாது, மேல்விவரம் கேட்க முடியாது. பாலியல் துன்புறுத்தல் போன்ற புகார்களில் பெயரை வெளியிடாமல் காப்பது முற்றிலும் வேறு விஷயம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களில் அமைய வேண்டிய உள்ளகக் குழுவுக்குப் புகார் தருபவர் யாரென்று தெரியும், குழு அதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அங்கே பொறுப்பான காது ஒன்று இருக்கிறது. பெட்டிக்குக் காது இல்லை.

பண்பாட்டு வாதத்தை மறுக்க முற்படுபவர்கள் உடனே திருக்குறளை எடுத்துக்கொண்டு தமிழ் மரபு இடித்துரைப்பதைப் போற்றியது என்று நிறுவ முயல்வதுண்டு. மரபைக் கொண்டு மௌனத்தை விளக்குவது தவறென்றால், மரபைக் கொண்டு பேச்சை விளக்குவதும் தவறே. ஆனாலும் குறள் இந்த விவாதத்துக்குத் தரும் தெளிவு வேறொன்று. 39ஆம் அதிகாரமான இறைமாட்சியில், காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் குணம் அரசனுக்குரியதாகச் சொல்லப்படுகிறது. 45ஆம் அதிகாரத்தில், இடித்துச் சொல்வோரைத் தேடித் துணையாக்கிக்கொள்ளும் பொறுப்பும், அப்படிச் செய்யாவிட்டால் பகைவர் இல்லாமலே கெடும் விதியும் அரசனுக்கே. அரசனை அண்டி வாழ்பவருக்கென்று எழுதிய 70ஆம் அதிகாரமோ, தீயில் குளிர்காய்பவர் போல விலகாமலும் நெருங்காமலும் நடந்துகொள்ளச் சொல்லுகிறது. ஒரே ஆசிரியர், கேட்பவருக்கு ஒரு கடமையும் பேசுபவருக்கு ஒரு முன்னெச்சரிக்கையும் வகுத்திருக்கிறார். தீ சுடும் என்பதை மறந்துவிட்டு, குளிர்காய்பவரின் கோழைத்தனத்தைப் பற்றி அவர் வகுப்பெடுக்கவில்லை. இன்றைய மனிதவளத் துறையினர் செய்வது அதைத்தான்.

நிலவும் கருத்தின் உண்மையான சோதனை, ஊழியர்கள் சேர்ந்து பேசும்போது வருகிறது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளிட்ட 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக மாற்றும் முடிவைத் தொழிலாளர் சங்கங்கள் ஒருமித்து, வெளிப்படையாக, காரணங்களோடு எதிர்த்தன. 2021 ஜூன் 30 அன்று வந்தது, பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய வழிசெய்யும் அவசரச் சட்டம். அக்டோபர் 1 அன்று ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனம் இயங்கத் தொடங்கியது. நிறுவனமாக்கல் சரியா தவறா என்பது இங்கே கேள்வியன்று. பேசத் தெரியாத ஊழியர்களின் கதையாக அதை யாராலும் சொல்ல முடியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே போனால், சுங்குவார்சத்திரத்தின் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலையை நிறுத்தியது முதன்மையாகத் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டுத்தான். அச்சங்கம் பதிவாக 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனித்தனியாகச் சொன்னால் பின்னூட்டம், சேர்ந்து சொன்னால் கலகம் என்னும் பாகுபாடு நிலவும் கருத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தனியாகச் சொல்வதில்தான் சொல்பவருக்கு ஆபத்து அதிகம் என்பதால், நிர்வாகம் விரும்பிக் கேட்கும் வடிவமும் ஊழியர் அஞ்சித் தவிர்க்கும் வடிவமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

ஒப்பந்தத் தொழிலாளரின் நிலையில் கணக்கு இன்னும் வெளிப்படையானது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, அத்திப்பட்டிலோ அயப்பாக்கத்திலோ அறையைப் பலரோடு பகிர்ந்துகொண்டு, தொழிற்பேட்டையின் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைசெய்யும் ஒருவர், பிரஸ்ஸின் பாதுகாப்பு சென்சார் அணைத்து வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார் என்று கொள்ளலாம். உற்பத்தி எண்ணிக்கைக்காக அதை அணைத்தவர் லைன் சூப்பர்வைசர். இந்தத் தொழிலாளரின் பெயர் ஆலையின் ஆலோசனைத் திட்டத்தில் இல்லை. அவருடைய சம்பளம் காண்ட்ராக்டரிடமிருந்து வருகிறது. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லக் காண்ட்ராக்டருக்குக் காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. விரல் அவருடையது என்பதால் இழப்பும் அவருக்கே; இருந்தும் பேசாமல் இருக்கிறார் என்றால், பேசுவதன் விலை அவர் கணக்கில் ஒரு விரலைவிட உயர்ந்து நிற்கிறது. இந்த மனிதரிடம் வெளிப்படைத்தன்மையைப் பற்றிய காணொளியைக் கைபேசியில் காட்டுவது அறியாமையா, ஏளனமா என்று முடிவுசெய்வது கடினம்.

சட்டம் இவ்விஷயத்தில் பயிற்சியாளர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 100 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்களில் அரசு ஆணையிட்டால் பணிக்குழு அமைய வேண்டும் என்றும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளைவிட எண்ணிக்கையில் குறையக் கூடாது என்றும் கூறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, 20 பேர் வேலைசெய்யும் இடத்திலேயே இருதரப்புக்கும் சமமான இடமுள்ள குறைதீர் குழுவைக் கேட்கிறது. குறை வந்த 30 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று கெடுவும் வைக்கிறது. அந்தச் சட்டத்தொகுப்பில் தொழிலாளர் தரப்பு எதிர்க்கும் பிரிவுகள் பல உள்ளன. ஆனால் இந்தப் பிரிவு, பேசுபவரின் மனநிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கேட்பவர் யார், எத்தனை பேர், எத்தனை நாளில் என்பதை மட்டும் பேசுகிறது. ஊழியர்கள் மனம் திறப்பதில்லை என்று வருந்தும் நிறுவனத்தில் அந்தக் குழு இருக்கிறதா, அதன் தொழிலாளர் உறுப்பினர்களை நியமித்தது யார், கடைசிக் கூட்டத்தின் முடிவுகள் கேன்டீன் பலகையில் ஒட்டப்பட்டனவா, குறை சொன்னவருக்கு அடுத்த ஏப்ரலில் என்ன சம்பள உயர்வு கிடைத்தது ஆகிய கேள்விகளுக்கு விடை வந்த பிறகே பண்பாட்டைப் பற்றிய பேச்சைத் தொடங்க இடம் உண்டு.